திரையில் விழும் வெள்ளை, எந்த வெள்ளை?



"வெள்ளை வெளிச்சம்னா வெள்ளை வெளிச்சம்தானே, அதுல என்ன கலர் பார்க்கிறது?" என்று போன ஆகஸ்டில் கேட்டவன் நான்தான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கும் என் கிளாஸ் நண்பர்கள் மூன்று பேருக்கும் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதக் கதையையும், அதில் கற்றுக்கொண்ட பாடத்தையும் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சினிமா பார்க்காதவர் நம்மில் யார்? ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால், இல்லையில்லை, நம் தலைக்குப் பின்னால் எரியும் விளக்கைப் பற்றி யோசித்தவர் எத்தனை பேர்?

துருப்பிடித்த டின்னும் ஒரு புரொஜெக்டரும்

நம் டிபார்ட்மெண்ட் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது இரண்டு பொருள் கிடைத்தன. ஒன்று, பழைய 16 மி.மீ. புரொஜெக்டர். மற்றொன்று, ஒரு படச்சுருள் டின். மூடியில் பெயிண்டால் "விளையாட்டு விழா 1976" என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் யாரோ ஒரு ஆசிரியர் ஆர்வத்தில் கலர் ரிவர்சல் ஃபிலிமில் எடுத்த படம். ரிவர்சல் என்றால் கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிமே கழுவிய பிறகு நேராகத் திரையில் ஓடும். நெகட்டிவ் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆக, உலகத்திலேயே அந்தப் படத்துக்கு ஒரே பிரதிதான். அது எங்கள் கையில்!

பழைய மாணவர் சந்திப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. 1976 பேட்ச்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு அவர்களையே படமாகக் காட்டினால் எப்படி இருக்கும்? பிரின்சிபால் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் புரொஜெக்டரின் பல்பு ஃபியூஸ். 24 வோல்ட், 250 வாட் ஹாலஜன். உள்ளூர்க் கடைகளில் கிடைக்கவில்லை.

நாம் எலெக்ட்ரிக்கல் பிரிவு ஆயிற்றே, விடுவோமா? "பழைய பல்பு எதுக்கு, எல்.இ.டி. போட்டுடலாம்" என்று 50 வாட் வெள்ளை எல்.இ.டி. சிப் ஒன்றை டிரைவரோடு வாங்கினோம். 6500 கெல்வின், கூல் ஒயிட். அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. ஹீட் சிங்க் வைத்து, ஃபேன் வைத்து, பல்பு இருந்த இடத்தில் பொருத்தினோம். சும்மா சொல்லக்கூடாது, சுவரில் பளீரென்று வெள்ளைக் கட்டம் விழுந்தது. கை தட்டினோம்.

அன்று என் தாய்மாமாவையும் கூட்டி வந்திருந்தேன். மாமா 1972-ல் டூரிங் டாக்கீஸில் கை ஆளாகச் சேர்ந்து, பிறகு டவுன் தியேட்டரில் ஆபரேட்டராகி, 2011-ல் அந்தத் தியேட்டர் டிஜிட்டலுக்கு மாறியபோது வீட்டுக்கு வந்தவர். படச்சுருளை மாட்டத் தெரிந்தவர் எங்களில் அவர் மட்டும்தான். சுருளை மாட்டினார், ஓட்டினார். திரையில் கயிறு இழுக்கும் போட்டி. இரண்டு அணிகள். ஒன்று நீலச் சட்டை. மற்றது... காவியா? பிரவுனா? செங்கல் கலரா? எங்களுக்குள்ளேயே சண்டை. மாமா சட்டையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார்.

"ஏல மருமவனே, ஒரு பய மூஞ்சியிலயும் ரத்தமே இல்லையே! செத்த பொணம் கயிறு இழுக்க மாதிரில்லா இருக்கு" என்றார். உடனே மெஷினை நிறுத்திவிட்டார். "ஒரே காப்பின்னு சொல்லுத, அதை வச்சா பரிசோதனை பண்ணுவ? முதல்ல ஒரு வீணாப்போன ஃபிலிமைக் கொண்டா. விளக்கைச் சரி பண்ணு. பொறவு இதைத் தொடு."

அன்றைக்கு வாங்கிய திட்டு இன்றைக்கு இந்தக் கட்டுரை!

வெள்ளைக்கும் ஒரு டிகிரி உண்டு

இரும்பைக் காய்ச்சினால் முதலில் செக்கச்சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை. ஸ்மித்தி ஷாப்பில் எல்லோரும் பார்த்ததுதான். ஒரு கரும்பொருள் எந்த வெப்பநிலையில் இந்த விளக்கின் நிறத்தில் ஒளிருமோ, அந்த வெப்பநிலையே அந்த விளக்கின் நிற வெப்பநிலை. அளவு கெல்வின்.

மெழுகுவர்த்தி சுமார் 1900 கெல்வின். பழைய குண்டு பல்பு சுமார் 2800. புரொஜெக்டர் ஹாலஜன் 3200 முதல் 3400 வரை. நண்பகல் வெயில் சுமார் 5500. தமிழ்ப் பேச்சில் மஞ்சள் வெளிச்சத்தைச் "சூடு" என்றும் நீல வெளிச்சத்தைக் "குளிர்ச்சி" என்றும் சொன்னாலும், கெல்வின் கணக்கில் அது தலைகீழ். நீலம்தான் அதிகச் சூடு!

இயற்பியல் பாடத்தில் வீன் விதி படித்திருப்போம். 2898-ஐ வெப்பநிலையால் வகுத்தால், எந்த அலைநீளத்தில் ஒளி உச்சம் என்று மைக்ரோமீட்டரில் வரும். 5400 கெல்வினுக்குப் போட்டுப் பாருங்கள்: 0.537 மைக்ரோமீட்டர், அதாவது 537 நானோமீட்டர், பச்சை. கண் பார்க்கும் எல்லையின் நட்ட நடு. 3200-க்குப் போடுங்கள்: 906 நானோமீட்டர். அது அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது! ஆக, ஹாலஜன் பல்பு தருவதில் பெரும் பங்கு வெறும் சூடு. பார்க்கிற ஒளியிலும் சிவப்பு தூக்கல், நீலம் பஞ்சம். மார்க் வாங்க மட்டும் படித்த சூத்திரம், ஒரு பல்பின் ஜாதகத்தையே சொல்லிவிடுகிறது பாருங்கள்.

மாமாவின் கார்பன் காலம்

நம் தமிழ்நாட்டுக்குச் சினிமா வந்த கதையில் ஒரு ரயில்வே வரைவாளர் இருக்கிறார். திருச்சியில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படங்களும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். டிராயிங் போர்டில் நின்ற நம்மவர் ஒருவர் தொடங்கி வைத்த தொழில் என்று நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அதன்பிறகு பல பத்தாண்டுகள் தியேட்டர்களை ஆண்டது கார்பன் ஆர்க். இரண்டு கார்பன் குச்சிகள். தொட்டு எடுத்தால் நடுவில் மின்வில். டி.சி. சப்ளை, வோல்ட் குறைவு, ஆம்பியர் பல பத்து. ஆர்க்குக்கு எதிர்மறை மின்தடைக் குணம் உண்டு. கரண்ட் கூடினால் வோல்ட் குறையும். அதனால்தான் தொடரில் பேலஸ்ட் தேவை. மெஷின்ஸ் பேப்பரில் ரெக்டிஃபையர் எதற்கென்று கேட்டால், தியேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சுவையான விஷயம். சாதாரண ஆர்க்கில் ஒளி பெரும்பாலும் வருவது பாஸிட்டிவ் குச்சியின் நுனியில் விழும் குழியிலிருந்து. அதன் வெப்பநிலை சுமார் 3800 கெல்வின். கரண்ட்டைக் கூட்டினால் வெளிச்சம் இன்னும் வெளுக்குமா? வெளுக்காது! கார்பன் அந்தச் சூட்டில் நேரே ஆவியாகிவிடுகிறது. குழி அகலமாகுமே தவிர, சூடு ஏறாது. அப்புறம் என்ன செய்தார்கள்? பாஸிட்டிவ் கார்பனின் நடுத்தண்டில் சீரியம் போன்ற அருமண் உலோகங்களின் ஃப்ளோரைடைச் சேர்த்தார்கள். அதிகக் கரண்ட்டில் அந்த ஆவியே குழிக்குள் நின்று ஒளிவிட்டது. நிறம் 5500-ஐத் தாண்டி, பகல் வெளிச்சத்துக்கு இணையாக வந்தது. இதுதான் ஹை இன்டென்சிட்டி ஆர்க். பெரிய திரையும் கலர் படமும் வந்தபோது கைகொடுத்தது இந்த வித்தைதான்.

ஆனால் கார்பன் கரையும். நிமிடத்துக்கு நிமிடம் தள்ளிக்கொடுக்க வேண்டும். குழி கண்ணாடியின் குவியத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலும் திரையில் பழுப்போ நீலமோ அடிக்கும். 2000 அடி ரீல் ஒன்று சுமார் 22 நிமிடம் ஓடும். அது முடியும்போது அடுத்த மெஷினுக்கு மாற வேண்டும். ஒரு மெஷின் மஞ்சளாகவும் மற்றொன்று நீலமாகவும் இருந்தால், கதாநாயகி ஒரே காட்சிக்குள் நிறம் மாறிவிடுவாள். "தரை டிக்கெட்டுக்காரன் விசில் அடிக்கிறது பாட்டுக்கு மட்டும்னு நினைச்சியா? சேஞ்ச் ஓவர்ல கலர் தப்பினாலும் அடிப்பான்" என்கிறார் மாமா. லாம்ப் ஹவுஸ் பக்கவாட்டில் ஆர்க்கின் நிழல் ஒரு அட்டையில் விழும். அதில் போட்ட கோட்டைப் பார்த்தே நாற்பது வருடம் கார்பன் தள்ளியவர்கள் இருக்கிறார்கள்.

செனான் வந்த கதை

1940-களில் ஜெர்மனியில் உருவாகி, 1951-ல் ஓஸ்ராம் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது செனான் ஷார்ட் ஆர்க் விளக்கு. குவார்ட்ஸ் குமிழுக்குள் செனான் வாயு, நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு டங்ஸ்டன் முனைகள். 2 கிலோவாட் விளக்கு என்றால் ஓடும்போது சுமார் 25 வோல்ட், 80 ஆம்பியர் டி.சி.; பற்றவைக்கும் நொடியில் மட்டும் பல்லாயிரம் வோல்ட் துடிப்பு.

இதன் பெருமை என்ன? கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுக்க, ஊதா முதல் அடர் சிவப்பு வரை, விடுபடாமல் தொடர்ச்சியாகத் தருகிறது. நிறம் சுமார் 6000 கெல்வின். கரண்ட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும், விளக்குக்கு வயதானாலும் அந்த நிறம் பெரிதாக மாறாது. கண்ணாடி, லென்ஸ், திரை எல்லாம் கடந்து வந்தபின் சுமார் 5400 கெல்வின். தியேட்டர் பிரிண்டை லேப்பில் தயாரிக்கும்போது இந்த 5400-ஐ மனதில் வைத்துத்தான் சிவப்பு, பச்சை, நீல லைட்டுகளைத் திருத்துவார்கள். அதாவது நிறத்தின் பாதி வேலை லேப்பில், மீதிப் பாதி ஆபரேட்டர் ரூமில். 2023-ல் வெளிவந்த "ஓப்பன்ஹைமர்" படத்தை 70 மி.மீ. ஐமேக்ஸ் ஃபிலிமில் ஓட்டிய சில தியேட்டர்களில் எரிந்ததும் 15 கிலோவாட் செனான்தான்.

ஒரு எச்சரிக்கை. செனான் குமிழுக்குள் அணைந்திருக்கும்போதே பல மடங்கு வளிமண்டல அழுத்தம் உண்டு. எரியும்போது அது இன்னும் மூன்று நான்கு மடங்கு ஏறும். முகக் கவசமும் கனத்த கையுறையும் இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. பழைய சாமான் கடையில் செனான் பல்பு பார்த்தால், வாங்கி வந்து பரிசோதிக்கும் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஃபிலிமுக்குள் மூன்று வடிகட்டி

இனி எங்கள் "ரத்தமில்லாத முகம்" கேஸுக்கு வருவோம். கலர் ஃபிலிமில் மூன்று சாய அடுக்குகள். சயான் அடுக்கு சிவப்பு ஒளியைத் தடுக்கும். மெஜந்தா பச்சையைத் தடுக்கும். மஞ்சள் நீலத்தைத் தடுக்கும். ஃபிலிம் தானாக எந்த நிறத்தையும் தருவதில்லை. விளக்கு கொடுப்பதிலிருந்து வேண்டாததைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் திரைக்கு அனுப்புகிறது. தண்ணீர்க் குழாயில் மூன்று வால்வு மாதிரி.

சிவப்புச் சட்டை இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? மெஜந்தாவும் மஞ்சளும் கனமாக. சயான் ஏறக்குறைய இல்லை. அதாவது "சிவப்பு வால்வு" முழுக்கத் திறந்திருக்கிறது. முகத்திலும் சயான் மெல்லியதுதான். வால்வைத் திறந்து வைத்து என்ன பயன், தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால்?

எங்கள் மலிவு எல்.இ.டி.யில் அதுதான் பிரச்சினை. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி. சுமார் 450 நானோமீட்டரில் ஒளிரும் நீலச் சிப்பின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியிருக்கிறார்கள். நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தால், 450-ல் ஒரு கோபுரம், 480 பக்கம் ஒரு பள்ளம், பிறகு பச்சை மஞ்சளில் ஒரு மேடு, 650-க்கு மேல் கிட்டத்தட்ட வறட்சி. கண்ணை ஏமாற்றிய வெள்ளை ஃபிலிமின் சாயத்தை ஏமாற்ற முடியவில்லை!

நம்பாதவர்கள் ஒரு பழைய சி.டி.யை எடுங்கள். இருட்டில் விளக்கின் பிரதிபலிப்பை அதில் சாய்த்துப் பாருங்கள். ஹாலஜனுக்கு இடைவெளி இல்லாத வானவில். மலிவு எல்.இ.டி.க்கு நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு மங்கல், சிவப்பு ஓரம் மெலிவு. செலவே இல்லாத ஸ்பெக்ட்ரோமீட்டர்!

கடையில் இதற்கு ஓர் அளவு உண்டு: சி.ஆர்.ஐ., நிறம் காட்டும் குறியீடு. சூரிய ஒளியோ குண்டு பல்போ 100. மலிவு எல்.இ.டி. 70 பக்கம். ஆனால் இதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. அந்தப் பொதுவான எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரிதான். அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஆர்9 என்று தனியாக இருக்கிறது. 70 என்று போட்ட கூல் ஒயிட் சிப்பில் ஆர்9 பூஜ்யத்துக்கும் கீழே போவது சகஜம். ஆறு பாடத்தில் சராசரி 70 என்று காட்டிவிட்டு ஒரு பேப்பரில் அரியர் வைத்திருக்கும் நண்பனை நமக்குத் தெரியாதா என்ன?

கண் எதை மன்னிக்கும், எதை மன்னிக்காது?

மாமாவின் பேச்சைக் கேட்டு, ஓரங்கிழிந்த ஒரு பழைய 16 மி.மீ. கலர் பிரிண்ட் துண்டைத் தேடிப் பிடித்தோம். பிறகு மூன்று சிப் வாங்கினோம். சி.ஆர்.ஐ. 95-க்கு மேல், ஆர்9 90-க்கு மேல் என்று டேட்டா ஷீட்டில் இருப்பவையாகப் பார்த்து, ஒன்று 3200 கெல்வின், மற்றொன்று 5600 கெல்வின். மூன்றாவது பழைய மலிவு 6500-தான்.

மாற்றி மாற்றிப் போட்டோம். 3200-லிருந்து 5600-க்கு மாறிய நொடியில் திரை நீலமாகத் தெரிந்தது. விளக்கெல்லாம் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பார்த்தோம். கண் பழகிவிட்டது! முகம் முகமாக, சிவப்பு சிவப்பாக. திரும்ப 3200 போட்டால் முதலில் மஞ்சள், பிறகு அதுவும் பழகிவிட்டது. இருட்டறையில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வெள்ளை இல்லை. அதனால் திரையில் எது பிரகாசமோ அதையே மூளை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது.

மலிவு 6500-ஐப் போட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். பழகவே இல்லை. வெள்ளைச் சுவர் வெள்ளையாகப் பழகியது. முகம் மட்டும் சாம்பல், உதடு மட்டும் பிரவுன்.

நண்பர்களே, இந்த இடத்தை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நிற வெப்பநிலை தவறினால் கண் பெருமளவு சமாளித்துக்கொள்ளும். நிறமாலையில் ஓட்டை விழுந்தால் கண்ணால் அதை அடைக்க முடியாது. இல்லாத ஒளியை மூளை எங்கிருந்து கொண்டுவரும்? அதனால் விளக்கு வாங்கும்போது முதல் கேள்வி "எத்தனை கெல்வின்?" என்பதல்ல. "சிவப்பு முழுசா இருக்கா?" என்பதுதான். கெல்வின் இரண்டாவது கேள்வி.

அந்த இரண்டாவது கேள்விக்கு விடை, ஃபிலிம் யாருக்காகத் தயாரானது என்பதில் இருக்கிறது. தியேட்டருக்கான 35 மி.மீ. பிரிண்ட் என்றால் 5400-ஐ ஒட்டி. எங்கள் விளையாட்டு விழா போன்ற ரிவர்சல் படங்கள் பல்பு புரொஜெக்டரில் ஓடுவதற்காகவே பிறந்தவை. அதனால் 3200 சிப்பைத் தேர்ந்தெடுத்தோம்.

"ஹாலஜன் முன்னால் நீல ஃபில்டர் போட்டு 5500 ஆக்கக் கூடாதா?" என்று நண்பன் கேட்டான். ஆக்கலாம். போட்டோகிராஃபர்களின் 80ஏ ஃபில்டர் அதைச் செய்யும். ஆனால் அது சிவப்பைக் கழித்துத்தான் நீலமாக்குகிறது. நான்கில் ஒரு பங்கு வெளிச்சமே வெளியே வரும். மங்கலான திரையில் நிறம் சரியாக இருந்து யாருக்கு லாபம்?

கருப்பு வெள்ளைப் படமா? அதில் இருப்பது வெள்ளித் துகள், சாயம் இல்லை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகத் தடுக்கும். எந்த விளக்கும் ஓட்டையின்றித் தப்பிக்கும். ரோஜா நிறத்துக்கு வெளுத்துப்போன பழைய கலர் பிரிண்டுகளுக்கு மட்டும் எந்த விளக்கும் முழு மருந்தாகாது. அவற்றில் சயான் சாயமே அழிந்துவிட்டது. பச்சை நீல ஃபில்டர் போட்டால் ரோஜாச் சாயல் குறையும். போன நிழலும் ஆழமும் திரும்பாது.

சிமிட்டலும் சத்தமும்

இரண்டாவது தவறு, சப்ளையில் செய்தோம். எங்கள் மலிவு டிரைவரில் ஏ.சி.யை ரெக்டிஃபை செய்த 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் அப்படியே இருந்தது. வீட்டு விளக்கில் தெரியாது. புரொஜெக்டரில்? எங்கள் மெஷினில் மூன்று இதழ் ஷட்டர். நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொன்றும் மூன்று முறை, ஆக 72 மின்னல். 100-லிருந்து 72 போனால் 28. நொடிக்கு 28 தடவை ஒரு துடிப்பு, கண்ணை உறுத்தியது. மின்னோட்டம் மாறாத டி.சி. டிரைவர் போட்டு, ஃபில்டர் கப்பாசிட்டரும் சேர்த்ததும் நின்றது. கார்பனையும் செனானையும் ஏன் டி.சி.யில் ஓட்டினார்கள் என்பது அப்போது உறைத்தது.

உற்சாகத்தில் சவுண்ட் பக்கத்துச் சின்ன எக்ஸைட்டர் பல்புக்கும் வெள்ளை எல்.இ.டி. வைத்துப் பார்த்தோம். சத்தம் தேய்ந்துவிட்டது. ஏனென்றால் அங்கே உள்ள சிலிக்கன் செல் அகச்சிவப்புப் பக்கம்தான் கூர்மை. டங்ஸ்டன் பல்பு அதை அள்ளிக் கொடுக்கும், வெள்ளை எல்.இ.டி. கொடுக்காது. 35 மி.மீ.யிலும் இதே பாடம் உண்டு. பிற்காலத்தில் ஒலித்தடத்தை வெள்ளி இல்லாமல் வெறும் சயான் சாயத்தில் அச்சிட்டார்கள். சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும் என்பதால், பழைய எக்ஸைட்டர் பல்பை எடுத்துவிட்டுச் சிவப்பு எல்.இ.டி. பொருத்த வேண்டியிருந்தது. சயான் தடுப்பது சிவப்பைத்தானே! படத்துக்கு எல்லா நிறமும் வேண்டும். ஒலிக்கு ஒரே நிறம் போதும், ஆனால் அது சரியான நிறமாக இருக்க வேண்டும். நாங்கள் பழைய எக்ஸைட்டரையே திரும்ப மாட்டிவிட்டோம்.

எவ்வளவு வெளிச்சம் போதும்?

தியேட்டர் திரைக்கான அளவு, ஃபிலிம் இல்லாமல் ஓட்டும்போது நடுவில் சதுர மீட்டருக்கு 55 கேண்டெலா. சாதாரண மேட் திரை என்றால் அதை 3.14-ஆல் பெருக்குங்கள்: சுமார் 173 லக்ஸ் விழ வேண்டும். 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத் திரை 3 சதுர மீட்டர். ஆக 520 லூமன் திரைக்கு வந்து சேர வேண்டும். சிப்பின் அட்டையில் ஆயிரக்கணக்கில் லூமன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 16 மி.மீ. கேட்டின் ஜன்னல் ஒரு சென்டிமீட்டர்கூட அகலம் இல்லை. பெரிய சிப்பின் ஒளியை அதற்குள் எந்த லென்ஸாலும் முழுசாகத் திணிக்க முடியாது. ஷட்டரும் தன் பங்குக்குப் பாதி அளவு விழுங்கும். அதனால் வாட்டைவிட, ஒளிரும் பரப்பு சின்னதாக இருப்பதே முக்கியம்.

எங்களுக்கு 520 கிடைக்கவில்லை. வேறு வழி? திரையை 1.2 மீட்டருக்கு 0.9 மீட்டராக்கினோம். தேவை 190 லூமனுக்குள் அடங்கியது. முன் வரிசை நாற்காலிகளை நெருக்கிப் போட்டோம், அவ்வளவுதான்.

சுருக்கமாக, எங்களைப்போல் யாராவது பழைய புரொஜெக்டருக்கு விளக்கு மாற்ற இறங்கினால், இந்த வரிசையில் யோசியுங்கள்.

1. ஒரே பிரதி என்றால் முதலில் ஸ்கேன் செய்து வையுங்கள். பரிசோதனைக்கு வேறு ஃபிலிம்.

2. நிறமாலை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். சி.ஆர்.ஐ. 95, ஆர்9 90-க்குக் குறையாமல்.

3. தியேட்டர் பிரிண்டுக்கு 5400 ஒட்டி. பல்பு புரொஜெக்டருக்கான படத்துக்கு 3200 ஒட்டி.

4. சின்னச் சிப், நல்ல ஹீட் சிங்க், ரிப்பிள் இல்லாத டி.சி.

5. எக்ஸைட்டர் பல்பில் கை வைக்காதீர்கள்.

எல்.இ.டி.யில் ஒரு பெரிய நன்மையையும் சொல்லாவிட்டால் பாவம். அதன் ஒளியில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. ஃபிலிம் சிக்கி நின்றாலும் ஹாலஜன்போல் நொடியில் கருக்கிவிடாது. ஒரே பிரதியை ஓட்டுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

விழா நாள்

சுருளை முதலில் ஸ்கேன் செய்ய அனுப்பினோம். சென்னை போய்த் திரும்ப மூன்று வாரம் ஆனது. பழைய மாணவர் சந்திப்பன்று மாலை, செமினார் ஹாலின் ஜன்னல்களுக்குக் கருப்புத் துணி கட்டி, அசல் சுருளை ஒரே ஒரு முறை ஓட்டினோம். மாமாதான் மெஷினில். நான் பக்கத்தில் வோல்ட் மீட்டரோடு.

கயிறு இழுக்கும் போட்டி வந்தது. ஒரு பக்கம் நீலம். மறுபக்கம் சந்தேகமே இல்லாத சிவப்பு. வரிசையின் கடைசியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் ரத்தம் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இளைஞர். முன் வரிசையிலிருந்து நரைத்த தலை ஒன்று எழுந்து நின்றது.

"ஏய், அது நாந்தாண்டா! ரெட் ஹவுஸ்தான் ஜெயிச்சுது. இத்தனை வருஷமா ப்ளூன்னு புளுகிக்கிட்டுத் திரியுறானுங்க!"

ஹாலே சிரித்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த ப்ளூ ஹவுஸ்காரர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரீல் முடிந்து வால் நுனி சுற்றியபோது, "இப்ப வந்துட்டுல்லா ரத்தம்" என்றார். பிறகு விளக்கை அணைத்து, சுருளைக் கையால் பதமாகத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

டிரைவர் சர்க்யூட்டும் சிப் பொருத்திய வரைபடமும் நம் டிபார்ட்மெண்ட் லேபில் ஃபைலில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு ஜூனியர்கள் யாராவது வெளிச்சத்தை 520 லூமனுக்குக் கொண்டு வந்தால், அந்தப் பெரிய திரையைத் திரும்ப மாட்டலாம். மாமா வரத் தயார்.

இறுதியாண்டு மாணவர்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை